படிக்கட்டுக்கு யார் கூலி கொடுப்பது?

வணக்கம் நேயர்களே. மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் விற்கிறவன் நான். விற்ற பொருள் வீடு போய்ச் சேருகிற கதையைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது, வீட்டில் நான் இதை ஆரம்பித்தாலே ஆளுக்கொரு வேலையைச் சொல்லி எழுந்து போய்விடுவார்கள், நீங்களாவது ரேடியோவை அணைக்காமல் இருங்கள்.

என்னைப் போன்ற கடைக்காரன் எதற்காக வெளி ஓட்டுநரைத் தேடுகிறான்? கணக்கு லேசானது. சொந்தமாக வண்டி வாங்கி டிரைவர் போட்டால், ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் அந்த ஒரு வண்டி பத்தாது. மார்கழி வந்துவிட்டால் அதே வண்டி தூசி படிந்து நிற்கும். டியூவும் சம்பளமும் மட்டும் நிற்காது. அதனால் ஸ்டாண்டில் நிற்கிற லோடு ஆட்டோக்காரரையோ குட்டி யானைக்காரரையோ கூப்பிடுகிறோம். டாடா கம்பெனி 2005இல் ஏஸ் வண்டியை விட்ட பிறகுதான் குட்டி யானை நம் சந்துகளுக்குள் வந்தது. பகலில் லாரி நுழைய முடியாத எங்கள் பகுதிக்கு அது பெரிய உபகாரம்.

பெரிய கம்பெனிகளும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கின்றன. அமேசான் 2015இல் அமெரிக்காவில் ஃப்ளெக்ஸ் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சொந்த வண்டி வைத்திருப்பவர் ஓய்வு நேரத்தில் பார்சல் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2019இல் அதையே பெங்களூரு, மும்பை, டெல்லியில் டூவீலருக்குத் தொடங்கியபோது மணிக்கு 120 முதல் 140 ரூபாய் என்று சொன்னார்கள். வால்மார்ட் 2017இல் தன் கடை ஊழியர்களையே, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிப் பார்த்தது. அடுத்த வருஷமே வெளி ஓட்டுநர்களுக்கு ஸ்பார்க் என்று தனித் திட்டம் ஆரம்பித்தது. அட, நம் ஊரில் டவுன் பஸ் கண்டக்டரிடம் மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்து, ஸ்டாப்பில் பையன் நிற்பான் அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்று அனுப்புகிற வழக்கம் எந்த ஆப் வந்து சொல்லிக்கொடுத்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் பெரும்பாலும் ஓட்டுநருக்குக் கிலோமீட்டரைப் பார்த்தோ நேரத்தைப் பார்த்தோ காசு கொடுக்கிறார்கள். எங்கள் தொழிலில் வேலை நடப்பது படிக்கட்டில். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். செல்லூருக்கு ஒரு ஃபிரிட்ஜ் போக வேண்டும், இரட்டைக் கதவு, நல்ல உயரம். எங்கள் ஸ்டாண்ட் லோடு ஆட்டோக்காரர் பில்லை வாங்கி முகவரியைப் பார்த்தார். பார்த்துவிட்டு வண்டியை எடுக்காமல் உள்ளே வந்தார். "அண்ணே, இது முன்னாடி தறி போட்டிருந்தாங்களே, அந்த வீட்டு மாடி. படி பாதியில திரும்புது, அந்தத் திருப்பத்துல இந்தப் பெட்டி நிமிராது. போன மாசம் பக்கத்து வீட்டுக்குப் பீரோ ஏத்துனேன், தெரியும்" என்றார். டேப்பை எடுத்து அளந்து பார்த்தோம். அட்டைப் பெட்டியைப் பிரித்து, கதவைக் கழற்றி ஏற்றினால் போகும், பெட்டியோடு போகாது. உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டோம். ஆட்டோக்காரரும் போனை வாங்கி, "அக்கா, மாடிப்படில செருப்பு ஸ்டாண்ட் இருக்கும்ல, அதை மட்டும் எடுத்து வச்சிருங்க" என்கிறார்! மெக்கானிக்கையும் கூடவே அனுப்பினேன். போன வேகத்தில் ஏற்றி, கதவை மாட்டி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஃபிரிட்ஜைச் சாய்த்துத் தூக்கியிருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாயில் ஏறியிருக்கும், அது இறங்க நேரம் வேண்டும். வீட்டில் வாங்கும்போது நீங்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே சரக்கை ஊர் தெரியாத ஒருவர் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகும்? திருப்பத்தில் சிக்கும், சுவரில் உரசும், வாடிக்கையாளர் கத்துவார், பொருள் கடைக்கே திரும்பி வரும். போக வர வாடகை, ஏற்றி இறக்கக் கூலி, கதவில் ஒரு கீறல். அந்தக் கீறல் விழுந்த ஃபிரிட்ஜில் எனக்கு லாபம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரிக்கு வருவோம், இது என் இன்னொரு பைத்தியம். பின்கோடு 1972இல் வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம், 625 என்றால் மதுரை வட்டாரம். அஞ்சலகம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும், அதற்கப்புறம் பழைய எண்ணா புதிய எண்ணா, பிள்ளையார் கோயிலுக்கு முன்னாடியா பின்னாடியா என்று ஆரம்பமாகும். 2025இல் அஞ்சல் துறை டிஜிபின் என்று கொண்டுவந்திருக்கிறது, நாட்டையே நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் கீழ்வீடா, மாடிவீடா, மொட்டை மாடியில் போட்ட ஷீட் அறையா என்று அது சொல்லாது. படிக்கட்டு அதில் இல்லை. பார்த்தீர்களா, மறுபடியும் படிக்கட்டுக்கே வந்துவிட்டேன்.

ஸ்டாண்ட் ஓட்டுநர்களிடம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வில்லாபுரத்துக்கு ஒரு கிரைண்டர் இருந்தால், "அண்ணே, அந்தப் பக்கமே இன்னொண்ணு சாயங்காலத்துக்குள்ள வருமா, சேர்த்துப் போட்டுடலாம்" என்று அவரே கேட்பார். காலியாகத் திரும்புகிற வண்டியில் டீசல் அவர் காசு அல்லவா? எக்ஸ்சேஞ்சில் எடுத்த பழைய டிவியைத் திரும்பும்போது ஏற்றி வரச் சொன்னால் அவருக்கும் வாடகை, எனக்கும் வேலை முடிந்தது.

ஆகவே என் கட்சி இதுதான்: வாடகையை மூன்றாகப் பிரியுங்கள். தூரத்துக்கு ஒன்று. முதல் மாடியோ மூன்றாவது மாடியோ, ஏற்றுவதற்கு ஒன்று. வாடிக்கையாளர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தால் காத்திருந்ததற்கு ஒன்று. எங்கள் கடையில் பில்லிலேயே மாடிக்கூலி என்று தனியாக எழுதுகிறோம். முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது விற்கும்போதே எந்த மாடி என்று கேட்டுவிடுவதால் பேரம் கடைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வாசலில் நின்று டிரைவர் கெஞ்ச வேண்டியதில்லை, "மாடிக்குத் தூக்குறதுக்கும் சேர்த்துத்தானே கொடுத்தோம்" என்று அவரிடம் யாரும் சண்டைக்கு வருவதும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். இன்சூரன்ஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், வேகமாகச் சொல்கிறேன். வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு. அதில் வாடகைக்குச் சரக்கு ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க இடம் உண்டு. கடைக்காரர்கள் மஞ்சள் போர்டா, பேப்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். ஆப் மூலம் ஓட்டுகிறவர்களுக்கு நம் அரசு 2023 டிசம்பரில் தனி நல வாரியம் அமைத்திருக்கிறது, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டுநர் நல வாரியம் முன்பிருந்தே இருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள், ஆதாரும் லைசென்ஸும் கையோடு எடுத்துப் போங்கள், மற்றபடி... சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.