மறைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். அரசுக் கட்டடப் பணிகளை மேற்பார்வையிடும் பொறியாளருக்கு என்னதான் வேலை என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ பள்ளிக்கூடம் கட்டும் இடத்தைக் கடந்து செல்பவர்கள், தலைக்கவசம் அணிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவரைப் பார்த்திருப்பார்கள். கலவை போடுபவர் வேறு, கம்பி கட்டுபவர் வேறு, ஒப்பந்ததாரர் வேறு என்றிருக்கும்போது இவர் எதற்காக நிற்கிறார் என்று கேட்பது நியாயந்தான். பின்னாளில் எவர் கண்ணுக்கும் படாமல் மறைந்துவிடப் போகும் பகுதிகளை, அவை மறைவதற்கு முன்னால் பார்த்து, அளந்து, எழுதி வைப்பதற்காகவே அவர் நிற்கிறார் என்பது என் விடை. சுவர் கோணலாக இருந்தால் தெருவில் போகிறவருக்கே தெரிந்துவிடும். பூச்சு உதிர்ந்தால் தலைமையாசிரியர் கடிதம் எழுதிவிடுவார். அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, கான்கிரீட்டுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்பவை அவ்வாறு தெரிய வருவதில்லை.

அலுவலக நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு தயாரித்து, அரசின் நிர்வாக ஒப்புதலும் அதன்பின் பொறியாளர்களின் தொழில்நுட்ப ஒப்புதலும் பெற்று, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை வழங்கிய பிறகே மண்ணில் கடப்பாரை விழும். பிரிவுக்கு உதவிப் பொறியாளர், உபகோட்டத்துக்கு உதவிச் செயற்பொறியாளர், கோட்டத்துக்குச் செயற்பொறியாளர், வட்டத்துக்குக் கண்காணிப்புப் பொறியாளர் என்று அடுக்கடுக்காக அதிகாரிகள் உண்டு. இந்த அடுக்கு முழுவதும் நம்பி நிற்பது அளவுப் புத்தகம் என்னும் ஒரு சாதாரணக் குறிப்பேட்டைத்தான். எங்கள் பேச்சில் அது எம்-புக். பக்க எண் இட்ட அந்தப் புத்தகத்தில் அளவுகளைப் பணியிடத்திலேயே எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் கோடிட்டு அடித்து, சரியானதை எழுதி, கையொப்பம் இட வேண்டும். உதவிப் பொறியாளர் எழுதிய அளவை அவருக்கு மேலுள்ளவர் மறுபடி அளந்து சரிபார்ப்பார். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் என்பதால் பலரும் இதைக் கணக்கு நோட்டாகவே பார்க்கிறார்கள். என் பார்வையில், மூடப்பட்டுவிட்ட வேலைக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அது.

வடசென்னையில் இந்தச் சாட்சியத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு, காரணம் உப்பு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழ்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் சன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் இரும்பு ஏணி ஆகியவை எவ்வளவு விரைவாகத் துருவேறுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். அதே உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இருக்கும் கம்பியைத் தேடிப் போகிறது. இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். அதற்கு உள்ளே இடம் இருக்காது. ஊறிய கொண்டைக்கடலை தன் தோலைக் கிழிப்பது போல, பருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் படுத்திருப்பவர் பக்கத்தில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறதே, அதில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

இதைத் தடுக்கும் அரண், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் இருக்க வேண்டிய கான்கிரீட் கனம். கான்கிரீட் வேலைக்கான விதிநூலாகிய இந்தியத் தர நிர்ணயம் 456, உப்பும் ஈரமும் தாக்காத சூழலுக்கு 20 மில்லிமீட்டரும், கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டரும் வேண்டும் என்கிறது. அந்தக் கனம் கிடைக்க வேண்டுமானால், கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தக் கவர் பிளாக் என்னும் சிறு கான்கிரீட் கட்டைகளை அடியில் வைக்க வேண்டும். அதன் விலை மிகவும் அற்பமானது. அற்பமானது என்பதாலேயே எல்லோரும் மறந்துவிடும் பொருளும் அதுவே. எங்கள் துறை இளம் பொறியாளர்கள் என்னைக் கண்டதும் முணுமுணுப்பது, கவர் பிளாக் பெரியவர் வந்துவிட்டார் என்று. எனக்கு அதில் வருத்தமில்லை.

கடலைப் பார்த்த தாழ்வாரத்தோடு கூடிய ஒரு பள்ளிக் கட்டடத்தில் தளம் போடும் நாள். காலையில் சென்ட்ரிங் மேல், அதாவது கான்கிரீட்டைத் தாங்குவதற்காக அடிக்கும் பலகைகளின் மேல், ஏறிப் பார்த்தால், கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த ஜல்லித் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். பல இடங்களில் அதுவும் நழுவி, கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலையை நிறுத்தச் சொன்னேன். ஒப்பந்ததாரரின் ஆள் பதறிப்போய், ரெடிமிக்ஸ் லாரி கிளம்பிவிட்டது சார், இப்போது நிறுத்தினால் நட்டம் யார் தருவார்கள் என்று கேட்டார். கம்பி பலகையைத் தொட்டபடி கான்கிரீட் போட்டால் அந்த நட்டத்தை இருபது ஆண்டு கழித்து இங்கே படிக்க வரும் பிள்ளை தரும் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மேஸ்திரி, வயதில் மூத்தவர், ஒன்றும் பேசாமல் கடப்பாரையை எடுத்துக் கம்பியை நெம்ப, கம்பி கட்டுபவர்கள் ஒவ்வொரு கட்டையாக உள்ளே தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிளம்பிவிட்டது கிளம்பிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்ட அந்த லாரி, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. எங்கள் கட்டைகள் எல்லாம் வைத்து முடிந்து, தேநீரும் குடித்த பிறகே வந்து சேர்ந்தது. லாரிச் சீட்டில் கலவை ஏற்றிய நேரத்தைப் பார்த்தேன். 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பொது விதி, அது கடந்துபோயிருந்தது. கலவை இறுகத் தொடங்கியிருந்ததால் ஓட்டுநர், லாரியிலுள்ள தண்ணீரைக் கொஞ்சம் திறந்துவிட்டால் இளகிவிடும் என்றார். இளகும் என்பது உண்மை. ஆனால் 50 கிலோ சிமெண்டு மூட்டைக்குக் கடலோரச் சூழலில் அனுமதிக்கப்பட்ட நீர் 22.5 லிட்டர், அதாவது வீட்டில் புழங்கும் பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு கூட நிறையாது. அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் பின்னர் ஆவியாகித் துளைகளை விட்டுச் செல்லும், அந்தத் துளைகளே உப்புக்கு வழி. லாரியைத் திருப்பி அனுப்பினேன். கட்டைகள் சரியாக இருந்தும் அன்று தளம் போடவில்லை. அடுத்த முறை விடியற்காலையில், துறைமுக வரிசை நீள்வதற்கு முன், லாரிகளை வரவழைத்துப் போட்டோம். அடுத்த மாடிக்கு அந்த மேஸ்திரி தாமாகவே கட்டைகளை வார்த்து, தொட்டி நீரில் ஊறப்போட்டு வைத்திருந்தார்; கம்பி கட்டி முடித்ததும், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் சார் என்று ஆள் அனுப்பினார்.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்ட செய்தி. நம் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றிலும் உப்பின் சுவையை நாக்கே சொல்லிவிடும். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடல்நீரில் ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே ஆய்வறிக்கை வராத நீரைக் கலவைக்கும் தொடக்கூடாது, நீராற்றலுக்கும், அதாவது போட்ட கான்கிரீட்டை நனைத்து ஈரமாக வைத்திருப்பதற்கும், தொடக்கூடாது. கலவைக்கு லாரித் தண்ணீரும் நீராற்றலுக்குக் கிணற்றுத் தண்ணீரும் என்று சிக்கனம் பிடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைக்கும் வேலை அது. பலரும் பயன்படுத்தும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பத்தில் ஒரு நாள்தான் என்பதை நினைவூட்டவே பல ஞாயிறுகளில் பணியிடத்துக்குப் போயிருக்கிறேன்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. மழைக்காலத் திட்டமிடல் பற்றி விரிவாகப் பேச வந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அடித்தளம் தரைமட்டத்துக்கு மேல் வந்துவிட வேண்டும், இல்லையேல் நம் பகுதியில் குழியிலிருந்து நீரை இறைத்தே டிசம்பர் கழிந்துவிடும். பிறகு நிதியாண்டு முடியும் மார்ச்சில் எல்லோரும் சேர்ந்து ஓட, மறையும் வேலைகளைப் பார்க்க எவருக்கும் பொறுமை இருக்காது. கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள் ஓடும் வழியைக் காட்டும் வரைபடத்தின் ஒரு படியைப் பள்ளியின் பீரோவிலேயே வைத்துவிட்டு வர வேண்டும், ஏனெனில் கரும்பலகை மாட்ட ஆணி அடிக்க வருபவர் எங்கள் கோட்ட அலுவலகத்துக்கு வந்து கேட்கப் போவதில்லை. நன்றி, வணக்கம்.