அலமாரியும் அடுத்த வீடும்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தீயணைப்பு நிலைய அதிகாரி அவர்களே, குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். காலையிலிருந்து நாற்காலி சுமந்த இளைஞர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

புயல், நிலநடுக்கம் போன்ற ஆபத்துக்கு எப்படித் தயாராக இருப்பது என்பதில் தண்ணீர், அக்கம்பக்கம் என்று இரண்டு விஷயம் பேச வந்தேன். அதற்கு முன் ஒரு பழமொழி: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர் சேமித்து வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று நாளைக்கு 48 லிட்டர், அவ்வளவுதான். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமும் தன் மக்களுக்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கான பொருள்களை வைத்திருக்கத்தான் சொன்னது. கூடவே டார்ச், ரேடியோ, முதலுதவிப் பெட்டி இருந்தால் போதும்.

என் உறவினர் ஒருவருக்கு இது போதவில்லை. ஓர் அறை முழுக்கக் கூரை வரை பெட்டிகள், மூலையில் பெட்ரோல் கேன்கள். அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை. ஆபத்து வந்தால் கேட்டு வந்துவிடுவார்களாம்! ஒரு நாள் புயலில் மின்சாரம் போனது. டார்ச்சைத் திறந்தால் பேட்டரி கசிந்து வெள்ளைப் பூத்துக் கிடக்கிறது. இன்னொன்றைத் திறந்தார், அதுவும் அப்படியே. மூன்றாவதைத் தேடி இருட்டில் கையை விட்டார். அடுக்கு சரிந்து காலில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களால் அறைக் கதவைத் திறக்க முடியவில்லை, பெட்டிகள் அடைத்துக்கொண்டன. கடைசியில் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கிக் கட்டுப் போட்டது யார் தெரியுமா? பல வருடமாக அவர் முகம் கொடுத்துப் பேசாத அடுத்த வீட்டு நர்ஸ் அம்மா. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

1995இல் ஜப்பானின் கோபே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, இடிபாடுகளுக்குள் சிக்கி மீண்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். மீட்புப் படை எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போக முடியாது.

அதனால்தான் நான் போகிற மேடையெல்லாம் தெருப் பட்டியலைப் பற்றியே பேசுகிறேன். எந்த வீட்டில் தனியாக முதியவர் இருக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும், யாருக்கு மாடி இறங்க முடியாது, கேஸ் வால்வை மூடத் தெரிந்தவர் யார் என்று ஒரே தாளில் எழுதி, நம்பிக்கையான இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். மருந்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் விரிவாகப் பேசுகிறேன். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சம்மதம் உள்ளவர்கள் போகும்போது உங்கள் வீட்டு விவரத்தை எழுதிவிட்டுப் போங்கள். அப்புறம், இன்று வர முடியாத பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.