குதிரையின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்

வணக்கம் மக்களே! காற்று பலமாக அடிக்கிறது, குரல் கேட்கிறதா? சரி. எனக்குப் பின்னால் நிற்கும் இந்த ஒட்டகங்களைப் பாருங்கள். எல்லாமே கூரைக்குப் போடுகிற நெளித் தகரம். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்குச் சாமான் சுமந்து வந்தவை ஒட்டகங்கள். அந்த நினைவாகத்தான் ரவுண்டானாவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஊர் பெயர் நார்ஸ்மன். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. வடக்கே போனால் கால்கூர்லி, தெற்கே 200 கிலோமீட்டரில் எஸ்பெரன்ஸ் கடற்கரை. கிழக்கே திரும்பினால் ஐர் நெடுஞ்சாலை. நல்லர்பார் சமவெளியைக் கடந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டா ஊர் வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற அந்தச் சாலை இங்கேதான் தொடங்குகிறது.

நிறையப் பேர் பெட்ரோல் போட்ட கையோடு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. தெருவுக்குள் வந்தால் வெண்கலத்தில் ஒரு குதிரை நிற்கிறது. 1894-இல் லாரி சின்க்ளேர் என்பவர் ராத்திரி தன் குதிரையை இங்கே கட்டிப்போட்டாராம். அது குளம்பால் மண்ணைக் கிளறியதில் தங்கம் தென்பட்டது என்று சொல்கிறார்கள். அந்தக் குதிரையின் பெயர்தான் நார்ஸ்மன்! மனிதர் தன் பெயரை வைக்காமல் குதிரையின் பெயரை விட்டுவிட்டுப் போனது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் தங்கத்துக்கெல்லாம் முன்பிருந்தே இது ங்கட்ஜு பூர்வகுடி மக்களின் மண். 2014-இல் நீதிமன்றமும் அவர்களுடைய நில உரிமையை ஏற்றது.

அப்புறம் இந்த மரம். சால்மன் கம், யூகலிப்டஸ் வகை. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன்... பட்டை எவ்வளவு வழவழப்பு! வெயில் சாய்ந்து படும்போது, புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் மாதிரி மின்னுகிறது. ஊரைச் சுற்றி இந்தக் காடுதான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

கிழக்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இந்த ஊரை விட்டால் ரோடுஹவுஸ்கள்தான், அதாவது பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கிற சாலையோர நிறுத்தங்கள். அங்கே பெட்ரோல் விலையும் கூடுதல். அடுத்த சூப்பர் மார்க்கெட் சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளி, செடூனாவில். குடிதண்ணீரை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும். வழியில் பல்லடோனியா என்ற ரோடுஹவுஸைத் தாண்டியதும் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது, கண் சொருகும்.

நான் இன்று ராத்திரி இங்கேதான். கடை சாத்துவதற்குள் இரண்டு கேன் தண்ணீர் வாங்கவேண்டும், வருகிறேன்.