பிடித்த புத்தகத்தை எப்போது படித்தீர்கள்?

வணக்கம். உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலோர் தலைப்பைச் சொன்ன கையோடு கதையைச் சுருக்கிச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். சொல்பவரின் முகத்தில் தெரியும் பரவசத்துக்கும் அந்தக் கதைச் சுருக்கத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. அதனால் இன்று உங்களிடம் வேறொரு கேள்வியை வைக்கிறேன்: அந்தப் புத்தகத்தை எப்போது படித்தீர்கள்?

என் கையில் இருக்கும் இந்த நாவலைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். அட்டையின் ஓரம் நைந்துவிட்டது. ஆனால் நான் காட்ட விரும்புவது உள்ளே இருக்கும் இந்தப் பென்சில் கோட்டை. மறுபக்கத்தில் தடம் தெரியும் அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும் மகன், தந்தை விழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறான் என்பதுதான் அந்த வரி. மொழியழகு என்று அதில் எதுவும் கிடையாது. படிப்பை முடித்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு முடிவை மனத்தில் சுமந்துகொண்டிருந்த நாட்களில் அதைப் படித்தேன். இப்போது படிக்கும்போது என் கண் அடுத்த பத்தியில்தான் போய் நிற்கிறது. காலையில் எழுந்து மகனின் காலிக் கட்டிலைப் பார்க்கும் தந்தை அங்கே வருகிறார். அந்தப் பத்தியில் நான் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை.

அமெரிக்க இலக்கியப் பேராசிரியர் லூயிஸ் ரோசன்பிளாட், 1938-இல் வெளியான தம் நூலிலிருந்து தொடங்கி, ஒரு படைப்பின் பொருள் அச்சிட்ட தாளில் மட்டும் இருப்பதில்லை, வாசகரின் மனத்தில் மட்டும் இருப்பதில்லை, இரண்டும் சந்திக்கும் வாசிப்பில்தான் அது உருவாகிறது என்று வலியுறுத்தி வந்தார். அதற்காக யார் என்ன பொருள் சொன்னாலும் சரி என்று அவர் விட்டுவிடவும் இல்லை. சொல்வதற்குப் படைப்பிலேயே ஆதாரம் வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். எனக்கு இந்த இரண்டாவது பகுதி முக்கியமாகப் படுகிறது. அந்தத் தந்தை அன்றும் அதே பக்கத்தில்தான் இருந்தார். அவரைப் பார்க்கும் வயது எனக்கு வந்திருக்கவில்லை.

வாசகருக்கும் படைப்புக்கும் இடையிலான இந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1893-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில், தம் துப்பறியும் கதைகளின் நாயகன் ஷெர்லாக் ஹோம்ஸ் இறந்துவிட்டதாக எழுதியபோது, வாசகர்கள் கண்டனக் கடிதங்களை அனுப்பினார்கள். கதைகளை வெளியிட்டு வந்த இதழின் சந்தாவைப் பலர் நிறுத்தினார்கள். 1903-இல் ஹோம்ஸை அவர் உயிரோடு திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று. கற்பனைப் பாத்திரத்துக்காக இத்தனை துக்கமா என்று கேட்பவர்கள், மாதந்தோறும் அந்தக் கதைக்காகக் காத்திருந்தவர்களின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்க வேண்டும்.

நமக்கு உயிரான புத்தகத்தை நண்பருக்குக் கொடுத்து, அவர் பாதியில் மூடி வைத்துவிட்டால் மனம் வலிக்கத்தான் செய்கிறது. அவர் நிராகரித்தது புத்தகத்தை மட்டும்தான். நாம் அதைப் படித்த காலம் அவருக்குத் தெரியாது. அதனால் கொடுக்கும்போதே அந்தக் காலத்தையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுவது நல்லது.

16-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேய்ன், தமக்கு மறதி அதிகம் என்பதால், ஒரே முறை படிக்க நினைத்த நூல்களின் கடைசியில் படித்து முடித்த காலத்தையும் தம் கருத்தையும் குறித்துவைத்தார். திரும்பத் திரும்பப் படிக்கும் புத்தகங்களுக்குத்தான் இது இன்னும் அவசியம் என்பது என் எண்ணம். உங்களுக்குப் பிடித்த புத்தகத்தின் கடைசித் தாளில், ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். முதல் வாசிப்பின் ஆண்டு நினைவில்லாவிட்டால், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உடன் யார் இருந்தார்கள் என்று எழுதினால் போதும். நூலகப் புத்தகமாக இருந்தால் மட்டும் தனிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.