வாடிய தென்னையும் வராத துன்பமும்

(ஆனைமலை வட்டாரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் தென்னந்தோப்புகளில் வாடல் நோய் பரவிவரும் இந்நாளில், கடனும் கவலையுமாக வந்து அமர்ந்திருப்பவர்களிடம் "மனதை அடக்குங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவது எளிது. அதனால் யாருக்கும் பயனில்லை. யோக தத்துவம் அப்படிப் பேசவும் இல்லை. வந்துவிட்ட துன்பம் எது, இன்னும் வராத துன்பம் எது என்று முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம், இரண்டாம் பாதத்தின், அதாவது இரண்டாம் பகுதியின், 16ஆம் சூத்திரத்தில், இனி வரவிருக்கும் துன்பமே தவிர்க்கத்தக்கது என்கிறது. வந்துவிட்டதை இனித் தவிர்க்க இயலாது என்ற ஒப்புதலும் அதற்குள் இருக்கிறது.

ஒரு தோப்புக்காரரை எண்ணிப் பாருங்கள். மட்டையில் ஓலைகள் துவண்டு, விலா எலும்புகளைப் போல உள்நோக்கி வளைந்துவிட்டன, காய்ப்பு குறைந்துவிட்டது. சாறுண்ணும் பூச்சிகள் பரப்பும் இந்நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை என்பது அவருக்கும் தெரியும். இரவு படுத்தால் அந்த மரம் மட்டுமா நினைவுக்கு வருகிறது? கூட்டுறவு சங்கத்துத் தவணை, மகளின் கல்யாணம், பங்காளி வீட்டார் பேசப்போகும் பேச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே பெரிய துன்பமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

இந்த முடிச்சை அவிழ்க்க நம் ஊர்ப்பக்கமே ஒரு வழி இருக்கிறது. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை அமைத்த வேதாத்திரி மகரிஷி, கவலைகளை அனுபவித்தே தீர்க்க வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று வகுத்தார். போன மரம் போனதுதான். அந்த இழப்பை அனுபவித்தே ஆக வேண்டும். பங்காளிகளின் பேச்சுக்குப் பதில் தேட வேண்டியதில்லை. ஆனால் முற்றிலும் காய்ப்பற்ற நோய் மரத்தை வெட்டி அகற்றுவதும், தவணை தவறும் முன்பே சங்கத்துக்குப் போய்ப் பேசுவதும் நாளைக் காலை வேலைகள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: பேச்சுக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, சங்கத்துப் படியேறுவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம்.

துன்பம் உடம்பில் எப்படித் தெரியும் என்பதையும் பதஞ்சலி சொல்லியிருக்கிறார். சித்தம் சிதறும்போது துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகியவை உடன் வரும் என்பது முதல் பாதத்தின் 31ஆம் சூத்திரம். இவற்றுள் நாம் உடனே கைவைக்கக் கூடியது மூச்சுதான். கடன்காரரின் பெயர் செல்பேசியில் தெரிந்ததும் மூச்சு மேலேறி நிற்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அழைப்பை எடுப்பதற்கு முன், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி நாலைந்து முறை மூச்சு விட்டுப் பாருங்கள். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது; ஆனால் "அடுத்த வாரம் கட்டாயம் கட்டிவிடுகிறேன்" என்று, முடியாத ஒரு வாக்கைப் பதற்றத்தில் கொடுத்துவிட மாட்டீர்கள்.

யோகம் சொல்லும் ஒழுக்க நெறிகளான நியமங்களில் ஒன்றாகிய சந்தோஷத்தை, கிடைத்தது போதும் என்று வாய்மூடி இருப்பதாகச் சிலர் விளக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயால் மரம் இழந்தவர் நிவாரணம் கேட்டு மனுக் கொடுப்பதை எந்த யோகமும் தடுக்கவில்லை. கேட்டது கிடைக்கும்வரை சோறு இறங்காமல் கிடக்க வேண்டாம் என்பதே அதன் கருத்து.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றுகிறது என்றால், அது தியானத்தால் மட்டும் சரிசெய்யப் பார்க்க வேண்டிய நிலையன்று. வீட்டாரிடம் சொல்லுங்கள், அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், நள்ளிரவானாலும் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சில நாட்களாக யாரிடமும் பேசாமல் இருந்தால், அவர் வந்து சொல்லட்டும் என்று காத்திராமல் நீங்களே போய்க் கேளுங்கள்.