நடந்தால் மட்டும் போதுமா, பெரியப்பா?

[காட்சி: கும்பகோணம் மகாமகக் குளம். விடியற்காலை. கரையில் நடப்பவர்கள்.]

குரல்: 16 மண்டபங்கள் சூழ்ந்த இந்தக் குளத்தைத் தினமும் நான்கு சுற்று வருகிறார் என் பெரியப்பா. வயது 72. மழை பெய்தாலும் குடையோடு வந்துவிடுவார். சென்ற ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவரால் எழுந்திருக்க முடியவில்லை. இலை எடுக்க வந்தவர்கள்தான் இரு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினார்கள். அதன் பிறகு எந்த விசேஷம் என்றாலும், "நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று திண்ணையிலேயே இருந்துவிடுகிறார்.

"தினமும்தான் நடக்கிறேனே, பிறகு ஏனடா இப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

[காட்சி: தொடைத் தசையின் வரைபடம்.]

குரல்: தசையில் முக்கியமாக இரண்டு வகை நார்கள் உண்டு. ஒன்று, நிதானமாக நெடுநேரம் உழைக்கும். மற்றொன்று, சட்டென்று விசை கொடுத்துச் சீக்கிரம் களைத்துவிடும். சமதரையில் நிதானமாக நடக்க முதல் வகையே ஏறக்குறையப் போதும். தரையிலிருந்து எழவும், வரப்பில் கால் வழுக்கும்போது விழாமல் ஊன்றிக்கொள்ளவும் இரண்டாவது வகை வேண்டும். வயது ஏற ஏற அதிகமாகச் சுருங்குவதும் அதுதான்.

[காட்சி: சேற்று வயல், நாற்றுக்கட்டு சுமந்து வரும் பெண்கள்.]

குரல்: நம் பாட்டிமார் இதற்கென்று பயிற்சி எதுவும் செய்யவில்லை. குறுவைக்கும் சம்பாவுக்கும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தார்கள்; அம்மிக்கும் அடுப்புக்கும் உட்கார்ந்து எழுந்தார்கள். அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நாள் முழுக்கக் குனிந்து நட்டவர்களிடம் இடுப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

[காட்சி: சுவரை ஒட்டிப் போட்ட மர நாற்காலி.]

குரல்: இப்போது ஒரு சோதனை. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸில் வழுக்கும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல்படி, 70 முதல் 74 வயதுக்குள் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. அதற்குக் கீழே போனால் விழும் அபாயம் கூடுதல்.

பெரியப்பா எட்டோடு நின்றார். "நாற்காலி சரியில்லை" என்றார்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. நம்மில் பலர் முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

இனிமேல் என்ன வலு வரப்போகிறது என்பவர்களுக்கு: 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதையொட்டிய பத்துப் பேர் எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி தொடங்கினார்கள். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

வீட்டில் எடை தேவையில்லை. அந்த நாற்காலியில் பத்து முறை எழுந்து உட்காருங்கள், சற்று ஓய்வு, மறுபடி பத்து. சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். இதய நோயோ தலைச்சுற்றலோ மூட்டு அறுவையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தட்டிலும் சோறு மட்டும் போதாது. சம்பா அறுவடைக்குப் பின் நம் வயலிலேயே விளையும் உளுந்தும் பயறும் இருக்கின்றன. முட்டை, மீன் சாப்பிடுபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

[காட்சி: ஆளில்லாத திண்ணை.]

குரல்: மனதுக்கு என்ன செய்வது என்றால் உடனே குறுக்கெழுத்துப் புதிரை நீட்டுகிறார்கள். எனக்குக் கவலை அந்தத் திண்ணைதான். மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றில் நம்மால் மாற்றக்கூடியவை என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் 14 காரணிகளைச் சொன்னது. உடலுழைப்பு இல்லாமை, காது கேளாமை, மனிதர்களிடமிருந்து ஒதுங்கியிருத்தல் மூன்றும் அதில் இருக்கின்றன. கால் தளர்ந்ததும் பந்திக்குப் போவது நின்றது. பந்தி நின்றதும் பேச்சும் குறைந்தது. காது மந்தமானாலும் இதே கதைதான். கருவி மாட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, கேட்டதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

[காட்சி: அதே மர நாற்காலி. சுவரில் நாள்காட்டி.]

குரல்: இரண்டு மாதத்தில் பெரியப்பா பதினொன்றை எட்டியிருக்கிறார். தரையிலிருந்து எழ இன்னும் ஒரு கையை ஊன்றத்தான் வேண்டியிருக்கிறது. வைகாசியில் திருவையாற்றில் ஒரு கல்யாணம். நாள்காட்டியில் அந்தத் தேதியைத் தானே வட்டமிட்டு வைத்திருக்கிறார்.