ஜீப் குடிக்கிற டீசலும் கச்சான் காத்தும்

[காட்சி: திருகோணமலை, உப்புவெளிக் கடற்கரை. கூரையில இரும்பு ராக் பூட்டின பழைய டீசல் ஜீப்.]

வணக்கம். இந்த ஜீப்பைக் கண்டவுடன எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான்: "லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?" ஞாயமான கேள்வி. சீனன்குடாவில வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கி 99 நிக்குது. அதுக்குப் பக்கத்திலயே 2022இல டீசலுக்கு வரிசையில கிடந்த ஊர் இது.

பதில் சொல்ல முதல் அளக்கத் தெரியவேணும். தாங்கியை நிரப்பி மீற்றரைப் பூச்சியமாக்குங்கோ. ஓடிட்டு வந்து அதே செட்டில, அதே பம்பில திரும்ப நிரப்புங்கோ. ஓடின கிலோமீற்றரை அடிச்ச லீற்றரால பிரியுங்கோ. எண்ணெய் முள்ளைப் பாத்துச் சொல்லுற கணக்குச் சரிவராது.

[காட்சி: ரெண்டு டயர், பக்கத்தில அளவு நாடா.]

இதில ஒரு கள்ளம் ஒளிஞ்சிருக்கு. 235/75 ஆர் 15 டயரைக் கழட்டிப்போட்டு 31 அங்குல டயர் பூட்டினா, சுத்தளவு ஏழு வீதம் கூடும். மீற்றர் 100 எண்டு காட்டேக்க வண்டி 107 கிலோமீற்றர் ஓடியிருக்கும். "பெரிய டயர் போட்டதில இருந்து மைலேஜ் விழுந்திட்டுது" எண்டு அழுற ஆக்கள் முதல் இதைக் கூட்டிப் பாருங்கோ. மிச்சம் விழுந்தது உண்மைதான்: டயரின்ர பாரம், சேத்துக்கெண்டு வெட்டின பெரிய பல்லு, ரெண்டும் டீசல் தின்னும்.

[காட்சி: கந்தளாய் றோட்டு. ஒரு பக்கமாச் சாயிற மரங்கள்.]

இனிக் கச்சான். கடலை இல்லை, காத்து! ஆடியில தென்மேற்கால அடிக்கிற அதே வறண்ட காத்து. கந்தளாய், ஹபரணைப் பக்கம் போறவைக்கு அது நேரா முகத்தில அடிக்கும். நீங்கள் 70இல போறீங்கள், எதிர்க் காத்து 20இல வருது எண்டா, வண்டிக்கு அது 90இல போற மாதிரி. காத்தின்ர தடை வேகத்தின்ர வர்க்கத்தோட ஏறும். 70இல இருக்கிற தடையைவிட 90இல 65 வீதம் கூட. டீசல் முழுசா அந்தளவு கூடாது, டயர் உருளுறதுக்கும் ஒரு பங்கு போகுதுதானே. ஆனா ஜீப் எண்டுறது ஓடுற அலுமாரி. அதுக்குக் கூரையில ராக்கும் வெறும் ஜெரிகானும் எண்டா, காத்துக்கு நல்ல பிடி.

அதால போகேக்க மட்டும் அளந்து வண்டியைத் திட்டாதீங்கோ. திரும்பி வரேக்க மட்டும் அளந்து பெருமையும் அடிக்காதீங்கோ. போய்த் திரும்பின முழுக் கணக்குத்தான் கணக்கு. வேகத்தைக் குறைச்சு, ராக்கைக் கழட்டுங்கோ. ரெண்டுக்கும் ஒரு சதம் செலவில்லை.

[காட்சி: டயர் காத்து அளக்கிற கை.]

நிலாவெளி மணலுக்க இறங்க 18 பிஎஸ்ஐக்குக் காத்தைக் குறைக்கிறது சரி. அதே டயரோட தார் றோட்டில ரவுணுக்கு வாறதுதான் பிழை. சப்பின டயர் உருள மறுக்கும், சூடேறும், வெடிக்கவும் பாக்கும். கதவுச் சட்டத்தில ஒட்டியிருக்கிற அளவுக்குத் திரும்ப அடியுங்கோ. நாலு சில்லு இழுவையையும் விட்டு, முன் சில்லை ஷாப்ற்றோட சேக்கிற ஹப் கையால பூட்டுறதெண்டா அதையும் திறவுங்கோ. தேவையில்லாம முன் ஷாப்ற் சுத்தி என்ன பிரியோசனம்?

உப்புத் தண்ணிக்க இறக்கின வண்டியெண்டா பிறேக்கையும் பாக்கவேணும். பிறேக் கட்டையை அமத்துற கலிப்பர் இறுகினா அந்தச் சில்லு பிறேக் பிடிச்சபடியே ஓடும். கொஞ்சத் தூரம் ஓடி நிப்பாட்டி, நாலு றிம்முக்கும் கிட்டக் கையைக் கொண்டு போங்கோ. தொடவேண்டாம். ஒண்டு மட்டும் தகதகவெண்டு இருந்தா அதுதான் கள்ளன்.

கராஜில "எங்கட வெக்கைக்கு இது தேவையில்லை" எண்டு, எஞ்சின் சூடேறும்வரைக்கும் ரேடியேற்றருக்குத் தண்ணி போகாமத் தடுக்கிற தேர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. எஞ்சினுக்கும் ஒரு அளவான சூடு வேணும். அது ஏறாட்டி டீசல் கூடக் குடிக்கும். சூடு மிஞ்சினா ரேடியேற்றரைத் துப்பரவாக்கவேணும், தேர்மோஸ்டாட்டைப் பிடுங்கிறேல்லை.

எண்ணெய்க் குழாயில கட்டினா டீசல் மிச்சம் எண்டு விக்கிற காந்தம்? அந்தக் காசுக்கு டீசல் அடியுங்கோ.

[காட்சி: ஸ்பனரோட கூரையில ஏறுறது.]

என்ர ராக்குக்கு எட்டு நட்டு. கடல் காத்துக்கு மூண்டு துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, எண்ணெய் விட்டு ஊறவிட்டிருக்கிறன். தாங்கி நிரம்பியிருக்கு, மீற்றர் பூச்சியம். கழட்டினவுடன கந்தளாய் போய்த் திரும்புவம்.